பழைய ஜமீன் பங்களாவில் கூட்டமாகத் தங்கலாமா?

குற்றால சீசனுக்கு 18 பேர் போகிறோம், லாட்ஜுக்குப் பதில் பழைய ஜமீன் பங்களாவை மொத்தமாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுங்கள். ஆனால் எத்தனை அறை என்று கேட்காதீர்கள், எத்தனை கக்கூஸ் என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

போன ஆடியில் நாங்கள் 21 பேர். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பங்களா, பேர் வேண்டாம். (குற்றாலம் 2019-லிருந்து தென்காசி மாவட்டம் என்று திருத்த வராதீர்கள், எங்களுக்கு எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான்.) சாவியே ஒரு சாண் நீளம். முன்கூடமான தார்சாவில் தேக்கு ஊஞ்சல். நடுக்கூடமான பட்டாசலில் பத்துப் பேர் உருண்டு படுக்கலாம். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், மத்தியானம்கூட ஃபேன் தேடவில்லை.

கக்கூஸ் இரண்டே இரண்டு. இரண்டும் புறவாசலில், கிணற்றைத் தாண்டி. அந்தக் காலத்தில் அதை வீட்டுக்குள் கட்ட மாட்டார்கள். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் புதிதாகக் கட்டக் கையில் வருமானமும் இல்லை. காவல்காரரிடம் கேட்டால், "ஆறு இருக்கு, வாய்க்கா இருக்கு, என்ன கொறச்சல் அண்ணாச்சி?" என்கிறார். விடியக்காலை நாலரைக்கே வரிசை. மைனி வாளி வைத்து இடம் போட்டார்கள்.

ராத்திரி மச்சில் ஏதோ தடதடவென்று ஓட, பிள்ளைகள் பேய் என்று அலறிவிட்டார்கள். ஆச்சி போர்வைக்குள் இருந்தபடியே, "மரநாய்டே அது, பேசாம ஒறங்குங்க" என்றாள். காலையில் பார்த்தால் மச்சுப் படியில் அதன் எச்சம், பழக்கொட்டை முழுசு முழுசாக.

ஜமீன் பெருமை பேசுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். என் தாத்தா குத்தகைக்கு உழுதவர். அப்படிப்பட்ட வீட்டு ஊஞ்சலில் அவர் பேரன் காலை நீட்டிப் படுத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். சொரிமுத்தையனார் கோயில் கூட்டத்தில் பாபநாசம் ரோட்டில் வண்டி நகராது.

அப்புறம், பணத்தை முதலிலேயே வசூல் பண்ணிவிடுங்கள். தலைக்கு 1,800 ரூபாய், எங்கள் அத்தான் இன்னும் தரவில்லை. பிள்ளைகளுக்கு அரை டிக்கெட்தானே என்கிறார். மூத்தவன் பிளஸ் டூ படிக்கிறான். இதே அத்தான் தங்கச்சி கல்யாணத்தில் மறுவீட்டுப் பந்தி முழுக்க நின்று பரிமாறியது நான். கடைசியில் நான் இலையில் உட்கார்ந்தபோது தேங்காய்ப்பால் சொதி வாளி காலி.