தேங்காய் எண்ணெய் மட்டும் ஏன் உறைகிறது?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடுகிறது, நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆவதில்லை. கலப்படமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறைவது கலப்படத்தின் அடையாளமே அல்ல.

தேங்காய் எண்ணெயின் உருகுநிலை சுமார் 24 டிகிரி செல்சியஸ். அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நேரானவை. குளிர்ந்ததும் அடுக்கிய விறகுபோல நெருங்கிப் படிந்து திடமாகின்றன. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு. அதன் சங்கிலிகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்பு (இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டையாக இணைந்திருப்பது) உண்டு. அந்த இடத்தில் சங்கிலி வளைந்திருப்பதால் அவ்வளவு எளிதில் நெருங்க முடிவதில்லை.

பாட்டிலை உற்றுப் பாருங்கள், அழகான காட்சி அது: வெள்ளைக் குருணைகள் தோன்றி மெல்ல அடியில் தங்கும். உறைந்த எண்ணெய்க்கு அடர்த்தி அதிகம். தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டிக்கு நேர்மாறு.

அதற்காக, உறைந்தாலே சுத்தமான எண்ணெய் என்றும் நம்பிவிடாதீர்கள். பாமாயிலும் குளிரில் உறையும்.