தோற்றவரும் ஒப்புக்கொள்ளும் கட்டுரை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். தேர்தல் என்றால் எனக்குச் சிறுவயதிலிருந்தே பித்து. எந்தத் தொகுதியில் யார் எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தவன். அண்மையில் விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கினேன். ஒரு தலைவரைப் பற்றிய கட்டுரையில் எனக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் "சான்று இல்லை" என்று நீக்கிவிட்டார்கள். மனம் விட்டுப்போய்விட்டது.

நான் ஒரு கட்சியின் உறுப்பினர். பொறுப்பு எதுவும் கிடையாது. கட்சிச் சார்பு உள்ளவன் கலைக்களஞ்சியத்தில் அரசியல் எழுதக்கூடாது என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா? யார் வேண்டுமானாலும் வந்து அழித்துவிடக்கூடிய இடத்தில் உழைப்பைக் கொட்டுவதில் என்ன பயன்? எழுதலாம் என்றால் எங்கே தொடங்குவது? சொந்தப் பெயரில் எழுதலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேர்தலில் எந்த அக்கறையும் இல்லாத ஒருவர், அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய வேட்பாளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்க உட்காரமாட்டார். இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல அரசியலில் ஊறியவர்கள்தான். 'நடுநிலை நோக்கு' என்று விக்கிப்பீடியா வைத்திருக்கும் விதி கட்டுரையைப் பற்றியது. எழுதுகிறவர் யாருக்கு வாக்களித்தார் என்று அது கேட்பதில்லை. நம்பகமான நூல்களும் ஏடுகளும் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் தந்திருக்கின்றனவோ, அந்த அளவுக்குக் கட்டுரையும் இடம் தரவேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

விதியைப் படித்துவிடலாம், கடைப்பிடிப்பதுதான் கடினம். அதற்கு நான் கைக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. எழுதி முடித்ததும், அந்தத் தேர்தலில் தோற்ற கட்சியின் தொண்டர் ஒருவர் அதைப் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "வருத்தம்தான், ஆனால் நடந்தது இதுதான்" என்று அவர் சொல்வாரா? சொல்வார் என்றால் வெளியிடுங்கள்.

1967 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். அப்போது அது சென்னை மாநிலம். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தலைப்பு வைப்பதிலிருந்தே கவனம் வேண்டும். 234 இடங்களில் தி.மு.க. 137 இடங்களையும் காங்கிரஸ் 51 இடங்களையும் வென்றன. வாக்கு விகிதத்தைப் பார்த்தால் காங்கிரஸ் 41.10 சதவீதம், தி.மு.க. 40.69 சதவீதம். தி.மு.க. ஆதரவாளர் இடங்களின் கணக்கோடு நிறுத்திக்கொள்வார். காங்கிரஸ் அனுதாபி வாக்கு விகிதத்தை மட்டும் எடுத்து முதல் பத்தியில் வைப்பார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்றது, தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டும் நின்று மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டிருந்தது. இந்த வரியும் சேர்ந்தால்தான் படிக்கிறவருக்கு நடந்தது விளங்கும். அதே தேர்தலில் விருதுநகரில் காமராஜர் தி.மு.க.வின் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 'படுதோல்வி' என்றும் எழுத வேண்டாம், 'சூழ்ச்சியால் வீழ்ந்தார்' என்றும் எழுத வேண்டாம். 1,285 என்ற எண்ணைச் சான்றோடு கொடுங்கள், போதும்.

அண்மைக் காலத்திலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. 2021 தேர்தலில் தி.மு.க. வென்றது 133 இடங்களா, 125 இடங்களா? இரண்டு எண்ணையும் பார்க்கலாம். உதயசூரியன் சின்னத்தில் வென்றவர்கள் 133 பேர். தேர்தல் ஆணையத்தின் கணக்கு அதுதான். அவர்களில் ம.தி.மு.க.வைச் சேர்ந்த நால்வர் உட்பட எட்டுப் பேர் கூட்டணிக் கட்சிக்காரர்கள். விவரம் தெரியாமல் ஒருவர் 133ஐ 125 ஆக்குவார், இன்னொருவர் திரும்ப 133 ஆக்குவார், பக்கம் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். "கூட்டணிக் கட்சிகளின் எட்டுப் பேர் இதே சின்னத்தில் போட்டியிட்டு வென்றனர்" என்று அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்புப் போட்டால் சண்டை அங்கேயே தீரும். அந்தக் குறிப்பை எழுத, கூட்டணி அரசியல் தெரிந்த ஆள் வேண்டும். உங்களைப் போன்றவர் வரவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இன்றைய தலைவர்களின் பக்கங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். அங்கே ஆள் கூட்டம் அதிகம், சூடும் அதிகம். பழைய தேர்தல்களுக்குப் போங்கள். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் 1951-52 முதல் பொதுத்தேர்தலில் இருந்தே இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து கட்டுரையாக்கத்தான் ஆள் போதவில்லை.

பழைய தேர்தலில் சர்ச்சை இல்லை, ஆகவே வேலை எளிது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மக்களவைத் தேர்தலில் 489 இடங்களுக்கு இருந்த தொகுதிகள் 401தான். 314 தொகுதிகள் ஒருவரையும், 86 தொகுதிகள் இருவரையும், ஒரே ஒரு தொகுதி மூவரையும் தேர்ந்தெடுத்தன. இருவர் தொகுதியில் வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. இது தெரியாதவர் பதிவான வாக்குகளை வாக்காளர் தொகையால் வகுத்து, வாக்குப்பதிவு நூறு சதவீதத்தைத் தாண்டியதாக எழுதிவிடுவார். வெற்றி பெற்றவர் என்ற கட்டத்தில் ஒரே பெயரைப் போட்டு, இன்னொரு உறுப்பினரை வரலாற்றிலிருந்தே விட்டுவிடுவார். அப்படி விடுபடுகிறவர் பல சமயம் ஒதுக்கப்பட்ட தனி இடத்தில் வென்ற பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருப்பார். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இந்த முறைக்குள் இருந்த சிக்கலை 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதி காட்டியது. இரண்டு இடம், ஒன்று பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தனி இடத்துக்குத் தகுதியுள்ளவர்களில் முதலில் வந்தவரை அந்த இடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதமிருந்தவர்களில் அதிக வாக்கு வாங்கியவரும் ஒரு பழங்குடி வேட்பாளர்தான், ஆகவே பொது இடமும் அவருக்கே போனது. தோற்றவர் வி. வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒதுக்கீடு என்பது குறைந்தபட்ச உத்தரவாதம், அது மற்ற இடத்துக்குப் போட்டியிடும் உரிமையைப் பறிக்காது என்ற நிலைப்பாட்டில் 1959இல் நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. 1961இல் இருவர் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். இவ்வளவும் ஒரு தொகுதிக் கட்டுரைக்குள் அடங்கியிருக்கிறது. வெறும் பெயரும் எண்ணுமாக அதை விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பாது.

தோற்றவர்களை முழுதாக எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதல் இருவரைப் போட்டுவிட்டு 'மற்றவர்கள்' என்று மூடிவிடும் வழக்கம் இருக்கிறது. 1996இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை நாடு திரும்பிப் பார்க்கவேண்டும் என்று விவசாயிகள் கூட்டங்கூட்டமாக வேட்புமனு போட்டதால் வந்த எண்ணிக்கை அது. வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியிருந்தது. வென்றவர் பெயரை மட்டும் எழுதினால் அந்தத் தேர்தலில் என்ன நடந்தது என்பதே கட்டுரையில் இருக்காது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற வேட்பாளருக்கான காப்புத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தொகுதி எல்லை பற்றி ஒரு எச்சரிக்கை. 2008 மறுவரையறைக்கு முன்னும் பின்னும் ஒரே பெயரில் இருக்கும் தொகுதி ஒரே நிலப்பரப்பு அல்ல. "இந்தத் தொகுதி ஐம்பது ஆண்டாக இன்ன கட்சியின் கோட்டை" என்று எழுதும் முன் எல்லையைப் பாருங்கள். கோட்டை, அலை, சுனாமி போன்ற சொற்களை மேடைக்கே விட்டுவிடலாம்.

இலங்கைத் தேர்தல்களை எழுதுவதானால் அங்குள்ள எண்ணும் முறையை முதலில் படித்துக்கொள்ளுங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் பெற்றது 42.31 சதவீதம். யாரும் பாதியைத் தாண்டாததால், அங்கே முதன்முறையாக, வாக்காளர்கள் இரண்டாவது, மூன்றாவது தேர்வாகக் குறித்த விருப்பு வாக்குகளைச் சேர்த்து எண்ணினார்கள். இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவுக்கும் அநுரவுக்கும் இடையில் நடந்த அந்த எண்ணிக்கையில் அநுரவின் பங்கு 55.89 சதவீதம். ஒன்றை மட்டும் போட்டால் வெற்றி சிறியதாகத் தோன்றும், மற்றதை மட்டும் போட்டால் பெரியதாகத் தோன்றும். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள்.

இனி, உங்கள் வரியை நீக்கியது பற்றி. செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சான்றில்லாமல் சர்ச்சைக்குரிய ஒன்றைச் சேர்த்தால், காத்திராமல் நீக்கவேண்டும் என்பதே விதி. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர் சந்தேகிக்கப்பட்டதாக யாரோ எழுதிவைத்த பொய், மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வாழும் மனிதர்களைப் பற்றிய விதிகள் அதன் பிறகுதான் இறுகின. ஆகவே உங்கள் வரியை நீக்கியவர் மேல் கோபம் வேண்டாம். அதே செய்தியை வெளியிட்ட நாளிதழின் தேதியோடு திரும்பப் போங்கள்.

வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் 26ஆம் எண் படிவத்தில் சொத்தும் நிலுவை வழக்குகளும் இருக்கும். அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். நிலுவை வழக்கு என்றால் குற்றம் நிரூபணமாகவில்லை என்றே பொருள். அந்தப் படிவத்தை மட்டும் வைத்து ஒருவரின் வாழ்க்கைக் கட்டுரையில் பத்தி எழுதாதீர்கள். பொறுப்பான ஏடு ஒன்று அதை ஆராய்ந்து எழுதியிருந்தால் அதை மேற்கோள் காட்டுங்கள். 20ஆம் எண் படிவத்துக்கும் இதைச் சொல்லவேண்டும். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று அது காட்டும். கூட்டிக் கழித்துச் சதவீதம் போடுவதற்குத் தடையில்லை. "இந்தச் சாவடியில் இன்ன சமூகத்தார் இப்படி வாக்களித்தனர்" என்று நீங்களே முடிவுக்கு வந்தால் அது உங்கள் சொந்த ஆய்வு. ஆய்வுக் கட்டுரையாக எழுதி வெளியிடுங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன். கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை.

அழித்துவிடுவார்களே என்ற பயத்துக்கு வருகிறேன். நீங்கள் சேமித்த ஒவ்வொரு பதிப்பும் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். விஷமத்தைத் திருப்ப ஒரு சொடுக்குப் போதும். ஆனால் நேர்மையாக மாறுபடுகிறவரோடு மாறி மாறித் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள். உரையாடல் பக்கத்துக்குப் போய், உங்கள் சான்றை வைத்து, அவர் சான்றைக் கேளுங்கள். எதிர்க்கட்சி அனுதாபி என்று தெரிந்த ஒருவர், நான் தேடிக் கிடைக்காத பழைய நாளிதழ்ப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பக்கம் அவர் கட்சிக்குச் சாதகமானதல்ல. பொதுவெளியில் அரசியல் பேச்சு இன்று எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் உட்கார்ந்து ஒரே பத்தியை ஒப்புக்கொண்டு எழுதுகிற இடம் வேறெங்கே இருக்கிறது? இந்தப் பணியை நான் பெரிதாக மதிப்பது அதற்காகத்தான்.

வாக்கு எண்ணும் நாளில் மட்டும் பொறுமையாக இருங்கள். 'முன்னிலை' என்பதை 'வெற்றி' என்று மாற்ற ஆயிரம் விரல்கள் துடிக்கும். தேர்தல் அலுவலர் அறிவித்த பிறகு எழுதினால் போதும். முடிவுகள் வந்ததும் ஆணையத்தின் பக்கங்களை இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். அடுத்த தேர்தலுக்குள் அந்த முகவரிகள் மாறிவிடலாம், சான்று இல்லாமல் கட்டுரை நிற்கும்.

சொந்தப் பெயர் கட்டாயமில்லை. அரசியல் எழுதுகிறவருக்குப் புனைபெயரே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ஒரு கட்சியின் உறுப்பினர் என்பதைப் பயனர் பக்கத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் கட்சித் தலைவர்களின் பக்கங்களில் மாற்றம் தேவைப்பட்டால் உரையாடல் பக்கத்தில் கோரிக்கையாக வையுங்கள், வேறொருவர் பார்த்துச் சேர்ப்பார். யாராவது பணம் கொடுத்து எழுதச் சொன்னால் அதை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்று 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியே இருக்கிறது. நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன் என்றீர்களே, அதில் மிகப் பழைய தேர்தல் எதுவோ அதிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து, ஆணையத்தின் அறிக்கையோடு ஒப்பிட்டு, விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுவதற்கான மணல்தொட்டிப் பக்கத்தில் எழுதுங்கள். இணைப்பை அனுப்புங்கள், அட்டவணையை நானும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.