எலக்ட்ரானுக்கு ஏன் மைனஸ், புரோட்டானுக்கு ஏன் பிளஸ்?

எலக்ட்ரானில் ஏதோ குறைவதால்தான் அது மைனஸா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, பெயர்தான் அப்படி. மின்னூட்டத்துக்கு பிளஸ், மைனஸ் என்ற பெயர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1747இல் வைத்தது; எலக்ட்ரான் தெரியவந்ததோ 1897இல். அவர் மாற்றி வைத்திருந்தாலும் இயற்கையில் ஒன்றும் மாறியிருக்காது.

திருப்பூரில் பாலியஸ்டர் துணி மடிக்கிறவர்களுக்குத் தெரியும்: ஈரப்பதம் இல்லாத நாளில் ஒட்டிய துணியைப் பிரித்தால் சடசடவென்று பொரியும், கை முடி எழுந்து துணிப் பக்கம் சாயும். உரசலில் எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைகின்றன; கூடிய பக்கம் மைனஸ், குறைந்த பக்கம் பிளஸ். புரோட்டான்கள் அணுக்கருவை விட்டு அசைவதில்லை.

என்னை எப்போதும் வியக்க வைப்பது வேறு. புரோட்டான் எலக்ட்ரானைவிட சுமார் 1836 மடங்கு கனம். ஆனாலும் இரண்டின் மின்னூட்டமும் அளவில் ஒன்றேதான். அத்தனைக்கும் புரோட்டானுக்குள் இருப்பவை குவார்க் எனும் இன்னும் சிறிய மூன்று துகள்கள். எலக்ட்ரானின் மின்னூட்ட அளவை 1 என்று வைத்தால், அவற்றின் மின்னூட்டம்: 2/3, 2/3, மைனஸ் 1/3. கூட்டிப் பாருங்கள், சரியாக 1 வரும்.