டர்பனில் பல்கலைக்கழகத்துக்கு வரும் வெளிநாட்டு இசை, நடன நிகழ்ச்சிகளுக்குப் புரியாவிட்டாலும் போகலாமா?

"பரதம் தவிர எதுவும் தெரியாது. சீசன் டிக்கெட் வாங்கினால் காசு வீணாகுமா? தமிழர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் முதல் வருட மாணவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போங்கள். தெரியாத நிகழ்ச்சிக்குத்தான் முதலில் போங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மாமனாரால்.

நான் மாயவரத்துப் பெண். கல்யாணமாகி 1998ல் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன். மாமா பிறந்தது டர்பன் மேகசீன் பேரக்ஸில், நகராட்சியில் வேலை செய்த நம் ஆட்களின் குடியிருப்பு அது. 1960களில் அங்கிருந்து எல்லோரையும் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். மாமா சின்ன வயதில் தெருக்கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டியவர். இந்த ஊரில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். 1946ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது, உறவு திரும்பியது 1993ல். நடுவில் ஊரிலிருந்து ஒரு குழு வந்து ஆடுவது அபூர்வம். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த கூத்தை இங்கேயே வைத்துக் காப்பாற்றினார்கள்.

நான் எட்டு வருடம் பரதம் படித்தவள். மாமா கூத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 'ம்' கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அது தப்பு. இதைச் சொன்னால் 'கூத்தை ஏற்றிப் பேச பரதத்தை இறக்குகிறாள்' என்று சிலர் வருவார்கள். அப்படி எங்கும் நான் எழுதவில்லை, தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

பதினைந்து வருடம் இருக்கும். பல்கலைக்கழக நிகழ்ச்சித் தொடரில் ஜாவாவிலிருந்து ஒரு நிழற்பொம்மலாட்டக் குழு வந்தது. வாயாங் என்பார்கள். கணவருக்கு வேலை இருந்ததால் அவர் டிக்கெட்டில் மாமாவைக் கூட்டிப் போனேன். 'பாஷை தெரியாதே அம்மாடி' என்றுதான் காரில் ஏறினார்.

வெள்ளைத் திரை, அதற்கு ஒரு விளக்கு, திரையடியில் படுக்கவைத்த வாழைமரம். எருமைத்தோலில் செய்த பொம்மைகளை அந்த வாழையில் குத்தி இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பொம்மையாட்டுபவர் ஒருவரே. தலாங் என்று பெயர். அத்தனை பாத்திரத்துக்கும் அவரே குரல், கையில் ஒரு மரக்கட்டையால் பெட்டியைத் தட்டித் தட்டி வாத்தியக்காரர்களுக்கு அவரே சைகை. சுற்றிலும் வெண்கலத் தட்டுகளும் கிண்ணங்களும். பத்து நிமிஷம் போயிருக்காது, மாமா என் கையைப் பிடித்தார். "வலது பக்கம் நம்ம பசங்க. அந்தக் கட்டைவிரல் நகம் நீளமா இருக்கிறவன் பீமன். இது சூதாட்டம்."

அவர் சொன்னது சரி. நிகழ்ச்சித் தாளில் அதுதான் போட்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தாள் வேண்டியிருந்தது, மாமாவுக்கு வேண்டியிருக்கவில்லை. துச்சாதனன் சேலையைப் பிடித்ததும் அவர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். அவருடைய இரண்டு கையும் மார்பின் குறுக்கே போய் முந்தானையைப் பிடித்தது போல நின்றன. கால்சட்டை, கோட் போட்ட எழுபத்தெட்டு வயது மனிதர். நான் திரையைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஜாவாவில் அது விடிய விடிய நடப்பது, நம் கூத்து மாதிரியே. மாமாவுக்கு அது பெரிய குறை. ஆனால் முடிந்ததும் மேடைக்கு வந்து பார்க்கலாம் என்றார்கள். மாமா நேராக வாழைமரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதை மட்டும் டர்பனில்தான் வெட்டி வந்தார்களாம். அப்புறம் தலாங்கிடம் கேட்டார், பாஞ்சாலிக்குப் புருஷன் எத்தனை பேர் என்று. அவர் "ஒருவர், தருமர்" என்றார். ஜாவாக் கதையில் அப்படித்தான். சிகண்டி அங்கே வில்லெடுக்கும் பெண், அர்ஜுனனுக்கு மனைவி. ஆனால் துச்சாதனன் ரத்தத்தில் நனைக்காமல் கூந்தலை முடிய மாட்டேன் என்ற சபதம் அங்கேயும் இருக்கிறது. அதைக் கேட்டபிறகுதான் மாமா சமாதானமானார்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஐந்து புருஷன் ஏன் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மூன்று மணிவரை ஆடிக்காட்டிச் சொன்னார். தாத்தாவிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளைகள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மாமாவிடம் ஒரு கூத்து நோட்டு இருந்தது. அவருடைய வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதிய விருத்தங்கள், தருக்கள் என்ற கூத்துப் பாட்டுகள், எந்த இடத்தில் திரை பிடிக்கவேண்டும் என்பது வரைக்கும். ஆய்வுக்கு என்று ஒருவர் வந்து இரண்டு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிப் போனார். எங்கிருந்து வந்தார் என்று எழுதப்போவதில்லை. நோட்டு திரும்பவில்லை. அவரும் போனை எடுக்கவில்லை. மாமா போய் ஏழு வருடம் ஆகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்துக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். படிக்கிற பிள்ளை நீங்கள், நாளைக்கு நீங்களே ஆய்வுக்குப் போவீர்கள். வாங்கினால் திருப்பிக் கொடுங்கள்.

சரி, டிக்கெட். எல்லா நிகழ்ச்சியும் இப்படி இருக்காது. நவீன நடனம் சிலது எனக்கு இன்றும் ஒட்டவில்லை. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் 1998லிருந்து ஜோம்பா என்ற தற்கால நடன விழாவை நடத்துகிறது. அதில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடாது. ஆனாலும் போகிறேன். மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டா என்று கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். முழு சீசனுக்கு முடியாவிட்டால் இரண்டு நிகழ்ச்சிக்காவது இரண்டு டிக்கெட்டாக எடுத்து, இங்கே உறவுக்காரர் யாராவது இருந்தால் அந்த வீட்டுத் தாத்தாவையோ ஆயாவையோ கூட்டிப் போங்கள். ஓர இருக்கை எடுங்கள், அவர்களுக்கு எழுந்து போகச் சௌகரியம். பொம்மலாட்டமாக இருந்தால் திரைக்குப் பின்பக்கம், பொம்மையாட்டுபவர் இருக்கும் பக்கம், உட்கார விடுவார்களா என்று முன்னாடியே கேட்டு வையுங்கள். ஜாவாவில் அந்தப் பக்கமும் ஆள் உட்காரும். பொம்மையின் நிறமெல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.