சால்ஜாப்பு சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். "தாமதத்துக்கு என்ன சால்ஜாப்பு சொன்னாலும் ஏற்க முடியாது" என்று ஒரு மாணவி கட்டுரையில் எழுதியிருந்தாள். கொச்சை என்று அடித்து, 'மழுப்பல்' என்று திருத்தினேன். அன்றிலிருந்து உறுத்துகிறது. இரண்டும் ஒன்றுதானா?

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள ஆர்.,

அந்தச் சொல்லை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உருதுவில் 'சவால்' என்றால் கேள்வி, 'ஜவாப்' என்றால் பதில். சவால்-ஜவாப் நம் நாக்கில் தேய்ந்து சால்ஜாப்பு ஆனது. இந்துஸ்தானிக் கச்சேரியில் சித்தாரும் தபலாவும் ஒன்றுக்கொன்று மறுமொழி வாசிப்பதற்கு இன்றும் அதுதான் பெயர். வெறும் கேள்வி-பதிலாக இருந்த சொல் தமிழுக்கு வந்து, பதில் மாதிரி இருக்கும் தட்டிக்கழிப்பைக் குறிக்கிறது. அதே ஜவாப்பில் பிறந்த இன்னொரு சொல் ஜவாப்தாரி: கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். என் தாத்தா எதையாவது ஏற்றுக்கொண்டால் "இதுக்கு நான் ஜவாப்தாரி" என்பார். இப்போது அதை யாரும் சொல்லிக் கேட்பது அரிது. அது எனக்கு உண்மையான வருத்தம்.

மழுப்பல் வேறு. மழுப்புகிறவர் காரணமே சொல்வதில்லை. "பார்க்கலாம்", "ஆவன செய்யப்படும்" என்பார். யார் செய்வார், எப்போது என்பது அதில் இருக்காது. சால்ஜாப்பில் காரணம் உண்டு, நாளுக்கு ஒன்றாக. அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு மாதம் நடந்தேன். ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை, ஒரு நாள் அதிகாரி முகாமுக்குப் போய்விட்டார், ஒரு நாள் ஃபைல் மேசைக்கு வரவில்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நம்பும்படிதான் இருந்தது. மழுப்பல் என்று எழுதினால் அந்த ஏழு மாதம் அதில் வராது.

சுற்றிச் சொல்வதெல்லாம் குற்றமும் இல்லை. "கடைக்குப் போவாயா?" என்றால் "கால் வலிக்கிறது" என்பதை உற்றது உரைத்தல் என்று நன்னூல் விடையாகவே ஏற்கிறது. போகமாட்டார் என்பது கேட்டவருக்கு விளங்கிவிடுகிறதே.

வக்கீலும் ரசீதும் தாசில்தாரும் இதே வழியில் வந்தவைதான். அவற்றை நீங்கள் அடிக்கமாட்டீர்கள். அடுக்கடுக்காகக் காரணம் சொல்வதைத்தான் உங்கள் மாணவி எழுதியிருக்கிறாள். அதற்குச் சரியான சொல்லையும் எடுத்திருக்கிறாள். மதிப்பெண் குறைத்திருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.