வோர்தான் கர்மிர்: ஒரு பூச்சியின் பெயரைப் பற்றிச் சில கேள்விகள்

ஆர்மேனியாவின் அரராத் சமவெளியில், உவர் நிலத்தில், சிவப்புச் சாயம் தரும் ஒரு பூச்சி வாழ்கிறது. ஆர்மேனியர்கள் அதை வோர்தான் கர்மிர் என்கிறார்கள். அந்தப் பெயரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, வோர்த் என்றால் புழு, கர்மிர் என்றால் சிவப்பு. அப்படியானால் 'சிவப்புப் புழு' என்றுதானே பொருள்?

இல்லை தம்பி, 'புழுவின் சிவப்பு'. பெயர் சாயத்தைச் சொல்கிறது, பூச்சிக்கு அது பிறகு ஒட்டிக்கொண்டது. சிவப்புப் புழு என்று சொல்ல நினைத்திருந்தால் 'கர்மிர் வோர்த்' என்றிருப்பார்கள், ஏனென்றால் நம்மைப் போலவே அவர்களும் அடையை முன்னால்தான் வைப்பார்கள்.

அந்த 'ஆன்' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து மொழியில் புழுவுக்கு 'ஒர்த்ன்' என்று பெயர். அதன் ஆறாம் வேற்றுமை 'ஒர்தான்'. அப்புறம் சொல் தொடக்கத்து ஒகரத்துக்கு முன் ஒரு வகரம் சேர்ந்தது, கடைசி னகரம் உதிர்ந்தது, 'வோர்த்' மிஞ்சியது. இன்று 'புழுவின்' என்பதற்கு 'வோர்தி' என்பார்கள். பழைய உருபு இந்தப் பூச்சியின் பெயரில் அப்படியே தங்கிவிட்டது. அந்த உருபு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கருன் என்றால் வசந்தம், கர்னான் என்றால் வசந்தத்தின். இதை இன்றும் பேசுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: 'வோர்தி' என்பதற்கு 'மகன்' என்றும் பொருள் உண்டு. மகனுடைய என்றால் 'வோர்து'. வேற்றுமையைப் பார்க்காமல் அகராதியைத் திறந்தால் புழு மகனாகிவிடும்.

பன்மை எப்படி?

வோர்த், வோர்தெர், வோர்தெரி. புழு, புழுக்கள், புழுக்களின். முதலில் பன்மை விகுதி, அதன் மேல் வேற்றுமை உருபு. தமிழ் பேசுகிறவருக்கு இது கைவந்த வரிசை.

ஆண்பாலா, பெண்பாலா?

ஆர்மேனிய இலக்கணத்தில் பால் கிடையாது.

'கர்மிர்' ஆர்மேனியச் சொல்தானா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். அது ஈரானிய மொழியிலிருந்து வந்த கடன். நடு ஆசியாவில் முன்பு வழங்கிய ஈரானிய மொழியான சோக்தியத்திலும் சிவப்புக்கு 'கர்மீர்' என்றே பெயர். அடியில் இருப்பது புழுவைக் குறிக்கும் பழைய சொல். பாரசீகத்தில் அது 'கிர்ம்', சமஸ்கிருதத்தில் 'க்ருமி'. உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் கிருமிநாசினி பாட்டிலைப் பாருங்கள், அந்தக் 'கிருமி'யேதான். அரபியின் 'கிர்மிஸ்' வழியாக ஐரோப்பாவுக்குப் போய் கிரிம்சன், கார்மைன் என்று ஆனதும் இதுவே.

ஆக, வோர்தான் கர்மிரில் புழு இரண்டு முறை இருக்கிறது, சொந்தச் சொல்லாக ஒரு முறை, கடனாக ஒரு முறை. நம் ஊரில் 'நடுசென்டர்' என்கிறோமே, அதைப் போல. சொல்கிறவருக்கு இரட்டிப்பு தெரிவதில்லை.

வோர்த் என்பது நம் 'ஊர்தல்' அல்லவா? ஊர்வதுதானே புழு!

இல்லை. ஒலி ஒத்துப்போவது சான்றாகாது.

ஒலியும் பொருளும் சேர்ந்தே ஒத்துப்போகிறதே? மறுப்பதற்கு என்ன காரணம்?

சரி, விரிவாகவே சொல்கிறேன். சமஸ்கிருதத்தில் இரண்டுக்கு 'த்வௌ', ஆர்மேனியத்தில் 'எர்கு'. காதுக்கு ஒட்டே இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே மூலம். பழைய 'த்வ்' ஆர்மேனியத்தில் 'எர்க்' ஆனது. இந்த ஒரு சொல்லில் மட்டுமல்ல, 'நீண்ட' என்பதற்கான 'எர்கார்' போன்ற மற்ற சொற்களிலும் அதே மாற்றம் திரும்ப வருகிறது. அப்படித் திரும்ப வருவதுதான் சான்று. ஊர்தலுக்கும் வோர்துக்கும் அப்படி ஒரு வரிசையைக் காட்டுங்கள், நானே ஏற்றுக்கொள்கிறேன்.

ஒற்றுமையை மட்டும் பார்த்ததால்தான் ஆர்மேனியத்தையே ஈரானிய மொழி என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். கர்மிர் போன்ற கடன்களைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, மிஞ்சியதைப் பார்த்து, அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக் கிளை என்று 1875இல் ஜெர்மன் மொழியியலாளர் ஹைன்ரிக் ஹியூப்ஷ்மன் காட்டினார். தமிழை நேசிக்கிறவர்கள் இந்த ஒழுங்கைக் கைவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

'சிவப்புப் புழு' என்று மொழிபெயர்க்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மேடம், ரெட் வார்ம்தானே?

புழுவின் சிவப்பு. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

மழைக்காலத்தில் வரும் தம்பலப்பூச்சியா இது?

இல்லை. அதற்கு எட்டுக் கால், உண்ணி இனம்.

உணவு நிறமி இ120?

அது மெக்சிகோவின் கள்ளிச்செடிப் பூச்சியிலிருந்து வந்தது. உணவு வேதியியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

அப்படியானால் இது உண்மையிலேயே புழுவா?

செதில் பூச்சி இனம். இளம் பூச்சி மண்ணுக்குள் புல், நாணல் வேர்களில் ஒட்டிச் சாறு குடிக்கும். செப்டம்பர், அக்டோபரில், விடிகாலையில், இறக்கையில்லாத கருஞ்சிவப்புப் பெண் பூச்சிகள் உப்புப் பூத்த மண்ணைத் துளைத்து மேலே வந்து ஊரும். அந்தச் சில மணி நேரத்தில்தான் பொறுக்கினார்கள். பார்த்தவர் கண்ணுக்குக் காலை நேரத்துப் புழு, அதனால்தான் அந்தப் பெயர். ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் கசார் பார்பெட்சியும் அரராத் சமவெளியை வருணிக்கும்போது, சிவப்புச் சாயம் தரும் இந்த வேர்ப் 'புழுக்களை' மறக்காமல் சொல்கிறார். 1987இல் அர்மாவிர் பகுதியில் இதற்கென்றே ஒரு காப்பகம் அமைத்தார்கள். அதன் பெயரும் வோர்தான் கர்மிர்தான்.