ஆப்பில் 18 கி.மீ., அப்புறம் ஏன் ஷீட் கிழிந்தது?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில், மேட்டு நிலத்தில் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் கூரைப் பசுமைக்குடில்) போட்டு குடைமிளகாய் வைத்திருக்கிறேன். போன ஆடியில், செல்போன் ஆப் காற்று 18 கி.மீ. என்று காட்டிய ராத்திரியே கூரை ஷீட் கிழிந்துவிட்டது. எந்த ஆப்பை நம்புவது? புது ஷீட் போட வந்த ஏஜென்ட், "140 கி.மீ. காற்றைத் தாங்கும், கேரண்டி" என்கிறார்.

பதில்: ஆப்பை மாற்றிப் பயனில்லை. இரண்டு மூன்று கணினிக் கணிப்புகளைத்தான் எல்லா ஆப்களும் வேறு வேறு கலரில் காட்டுகின்றன. கணிப்பு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண் சொல்லும். அவற்றில் நுணுக்கமான ஐரோப்பியக் கணிப்புக்கே ஒரு கட்டம் என்பது சுமார் 9 கி.மீ. மன்னவனூர் ஏரிப் பள்ளமும் உங்கள் மேடும் அதற்கு ஏறக்குறைய ஒரே இடம். போதாததற்கு, நீங்கள் பார்த்த 18 சராசரி வேகம். ஷீட்டைக் கிழிப்பது சில விநாடிகள் மட்டும் வந்து போகும் வீச்சு. ஆப்பில் அது ‘கஸ்ட்’ என்று தனி வரிசையில் இருக்கும், அதைப் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கூரைமேல் விழும் விசை நான்கு மடங்கு.

இன்னொன்று. தென்மேற்குப் பருவக்காற்று ஆவேசமாக ஓடுவது சமவெளியின் தரையில் இல்லை, சுமார் 1500 மீட்டர் உயரத்தில். உங்கள் ஊர் இருக்கும் மேல்பழநி மலை அந்த ஓட்டத்துக்குள்ளேயே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே ‘விண்டி’ ஆப்பில் உயரத்தை 2000 மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள், உங்கள் மேட்டுக்கு அதுதான் நெருக்கமான எண். அரசு எச்சரிக்கையை நம்பலாமே என்றால், அது மாவட்டத்துக்கு ஒன்று. வேடசந்தூருக்கும் மன்னவனூருக்கும் ஒரே வரி! வருஷக்கணக்காகச் சொல்லியாகிவிட்டது, கேட்க ஆளில்லை.

இனி அந்த 140. கட்டடக் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மதுரைக்கும் கோவைக்கும் போட்டிருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. அது சமதளத்துக்கு. மலை முகடு என்றால் 1.36 வரை பெருக்கச் சொல்கிறது அதே விதி. பெருக்கினால் 190ஐத் தொடும். ஏஜென்ட் இந்தப் பெருக்கலைச் செய்திருக்க மாட்டார். ஓசூரில் போட்ட அதே வரைபடத்தோடு மலையேறி வருவார், மானியக் கோப்பிலும் அது நகர்ந்துவிடும். கேரண்டியை எழுத்தில் கேளுங்கள். "இயற்கைச் சீற்றம் நீங்கலாக" என்று ஒரு வரி கடைசியில் ஒளிந்திருக்கும். ஷீட் ஐந்து வருஷம் வெயிலைத் தாங்குவது வேறு, காற்றைத் தாங்குவது வேறு. பைப்பின் கனத்தை நீங்களே அளந்து பார்த்து, அஸ்திவாரக் குழியையும் மூடுமுன் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: காற்றோட்டத்துக்காகக் கூரை உச்சியில் விடும் மேல் திறப்பு எந்தப் பக்கம்? ஆடியில் உங்களுக்கு மேற்கிலிருந்து வரும் காற்று. திறப்பு மேற்கே பார்த்திருந்தால் காற்று உள்ளே புகுந்து, விரித்த குடையைப் புரட்டுவதுபோல ஷீட்டை மேலே தள்ளும். கிழக்கே பார்த்திருக்க வேண்டும். மேற்குப் பக்கச் சுவரில் சுருட்டி ஏற்றி இறக்கும் கர்ட்டனைப் பொழுது சாயும்முன் இறக்கிக் கட்டிவிடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, ஐப்பசி கார்த்திகைப் புயல். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, திண்டுக்கல் பக்கமாகவே மேற்கே போனது. கொடைக்கானலிலும் மரங்கள் சாய்ந்தன. புயலில் காற்று ஒரே திசையில் நிற்காது. மையம் கிழக்கே இருக்கும்வரை வடக்கிலிருந்து அடிக்கும். உங்களுக்குத் தெற்கே கடந்தால் கிழக்கிலிருந்து, வடக்கே கடந்தால் மேற்கிலிருந்து, தாண்டிப் போனபின் தெற்கிலிருந்து. கிழக்கே பார்த்த திறப்பு அன்று வினையாகிவிடும். அதனால் மேல் திறப்புக்கும் இறக்கி மூடும் கர்ட்டன் வேண்டும் என்று இப்போதே சொல்லிப் போட வையுங்கள். "செலவு அதிகம், தேவையில்லை" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.